வாய் ஓயாத வீடு

வேணாண்ணே, கதவத் தட்டாதீங்க. இப்படி என் பக்கத்துல தரையில உக்காருங்க. வாயும் தொறக்க வேணாம், கேக்குறதுக்குத் தலைய மட்டும் ஆட்டுங்க. உங்க மேல கோவமில்ல. இந்த நேரத்துல உள்ள இருக்கற என் மாமியாருக்கு ஆம்பளக் குரல் ஆகாது, அவ்வளவுதான். பேச்சு முழுக்க நானே பாத்துக்கறேன். அதுல எனக்குக் கொறையே இல்ல.

உங்க டைரக்டரக்கா கீழ எறங்கிட்டாங்களா? நல்லது. கேமராக்காரரும் அங்கயே இருக்கட்டும். பாவம், அக்காவுக்கு மூஞ்சியே செத்துப் போச்சு. காலையில எப்படிச் சிரிச்சாங்க, இந்தப் பொண்ணு வாய மூடுனாத்தான் ஷூட்டிங் நடக்கும்னு. எனக்கும் சிரிப்புதான். என் வீட்டுக்காரரு சொல்றதுதானே அது. ஒன்னக் கட்டுனதுக்கு ஒரு ரேடியோவக் கட்டியிருந்தா ராத்திரியாவது அணைச்சு வச்சிருக்கலாம்பாரு. அதான் சரி, பால் வாங்கிட்டு வந்துடறேன்னு நானே எறங்கிப் போனேன்.

அத்தே, கடைக்காரரு இன்னைக்கும் பழைய பாலத்தான் தலையில கட்டியிருக்காரு. நாளைக்கு நீங்களே வந்து கேளுங்க.

இப்ப சத்தமாச் சொன்னது உள்ள கேக்கறதுக்கு. மத்தபடி நாம பேசறது, நான் வந்ததும் போட்டுவிட்ட இந்த ரேடியோ சத்தத்துல வார்த்தையா வெளங்காது. என் குரல் ஓடிக்கிட்டிருக்குன்னு மட்டும் தெரியும். அவங்களுக்கு அது போதும்.

ஹெட்போனக் கழுத்துல தொங்க விடாதீங்கண்ணே. மாட்டிக்கோங்க. ஆமா, காதுலதான்.

நான் படியேறி வரேன், வீட்டுல சத்தமே இல்ல. டிவி இல்ல, ஃபேன் இல்ல, ஃப்ரிட்ஜ் உறுமல்கூட இல்ல. எல்லாத்தையும் அணைச்சுட்டு எல்லாரும் செலையாட்டம் நிக்கிறீங்க. என்னப் பாத்ததும் நீங்க ஒதட்டுல வெரல வச்சீங்க. ஆள் பேசாத ரூமோட வெறும் சத்தத்தக் கொஞ்சம் பதிஞ்சுக்கணும், எடிட்டிங்குக்கு ஆகும்னு அப்புறம் சொன்னீங்க. தொழில்னா அப்படித்தான், ஒத்துக்கறேன். ஆனா யாரும் அசையாதீங்க, மூச்சுச் சத்தம்கூட வரக்கூடாதுன்னீங்களாமே. மாவு மூட்டைக்குப் பின்னால ஒளிய வச்சப்போ அத்தையோட அம்மா கடைசியாச் சொன்னதும் அதேதாண்ணே.

அப்போ அவங்க ஊருல நடந்தத நீங்க இனப்படுகொலைன்னு சொல்றீங்க. அத்தை அந்த வாரம்னுதான் சொல்வாங்க. தெருத் தெருவா வந்து, எந்த வீட்டுல இந்தச் சனம் இருக்குன்னு கேட்டுக் கேட்டுப் புகுந்த வாரம். அத்தை அப்போ பத்து வயசுப் புள்ள. மடியில தம்பி, கைக்குழந்தை.

இதுக்கு முன்னாடியும் அத்தைய வச்சுப் படம் எடுத்திருக்காங்கல்ல, நீங்களும் பாத்திருப்பீங்க. அதை ஒரு பெரிய ஹால்ல போட்டப்போ சனம் எந்திரிச்சு நின்னு கை தட்டுச்சு. அத்தைக்கு அந்தக் கைதட்டு ரொம்பப் பிடிச்சுப் போச்சு. சத்தமாச்சே. இப்பவும் வீட்டுல அதப் போட்டு, வால்யூமக் கூட்டி வச்சுக்கிட்டு, டிவியில தான் பேசுறதத் தானே கேட்டுக்கிட்டு காய் நறுக்குவாங்க. ஆனா கதை ஒரு எடத்துல நின்னுடும். தம்பி அழுதான்பாங்க. அப்புறம் விடிஞ்சுது, நான் வெளிய வந்தேன்பாங்க. நடுவுல என்னன்னு இதுவரைக்கும் யாரும் கேட்டதில்ல. நான்கூடக் கேட்டதில்ல.

உங்கக்கா கேட்டுட்டாங்க. தம்பி அழுதானா, சரி, அப்புறம்? அத்தை வாயே தொறக்கலையாம். பேச்சுதான் நின்னு போச்சே, அந்த வெறும் சத்தத்த இப்பவே எடுத்துடலாம்னு அந்த நேரம் பாத்துத்தானா உங்களுக்குத் தோணணும்? நீங்க மிஷினப் பாத்துக்கிட்டு நின்ன கேப்புல அவங்க உள் ரூமுக்குப் போயிருக்காங்க. அங்கருந்து நேரா இந்த ஸ்டோர் ரூம், தாப்பா.

ஒடைக்கலாங்கறீங்களா? வேணாம். கல்யாணமான புதுசுல ஒரு நா கரண்டு போயி வீடே கப்சிப்னு ஆயிடுச்சு. அன்னைக்கும் இதே ரூமுலதான். என் வீட்டுக்காரரு மோதித் தொறந்தாரு. பெத்த மகனையே யாருன்னு தெரியாம கையக் கடிச்சு வச்சாங்க. தழும்பு இன்னும் இருக்கு. அடுத்த தடவ அவர நான் கிட்டயே விடல. இங்கயே உக்காந்து பக்கத்து வீட்டுக்காரிய வாய்க்கு வந்தபடி திட்டுனேன். ஏண்டி அவகிட்ட வம்புக்குப் போறன்னு கேட்டுக்கிட்டே தானாத் தொறந்து வந்தாங்க. அன்னையிலருந்துதான் நான் வாயாடி. எங்க பள்ளிக்கூடத்துல போய் விசாரிங்க, இந்தப் புள்ள ஊமையான்னு வாத்தியாரு எங்கப்பாவக் கூப்பிட்டுக் கேட்டிருக்காரு.

என் பையனும் இந்தச் சத்தத்துலயே வளந்தவன். காதோரம் மிக்ஸி ஓடுனாலும் அசையாமத் தூங்குவான். சத்தம் நின்னாத்தான் முழிப்பான். முழிச்சான்னா தெருவே கேக்குறாப்புல அழுவான்.

என்னண்ணே, உள் ரூமையே பாக்குறீங்க? தூளியவா? அங்க பாக்காதீங்க. கதவப் பாருங்க.

ம். பாத்துட்டீங்க. காலிதான்.

கத்தாதீங்க. எந்திரிக்காதீங்க. அவனத் தூக்கிக்கிட்டுத்தான் போயிருக்காங்க. உங்கக்காகிட்ட நான் சொல்லல, தெரிஞ்சா கதவ ஒடைச்சிடுவாங்க. ஒடைக்கிற சத்தத்துல அவன் முழிப்பான், அழுவான். உள்ள அத்தை, அன்னைக்கு மூட்டைக்குப் பின்னால உக்காந்த மாதிரியே, அவன் அழக் கூடாதுன்னு நெனச்சுக்கிட்டு உக்காந்திருக்காங்க. புரியுதா?

அத்தை கழுத்துகிட்ட நீங்க குத்திவிட்ட மைக் இன்னும் அங்கயேதானே இருக்கு? அதுக்குத்தாண்ணே உங்கள மட்டும் இருக்கச் சொன்னேன். அவங்க மூச்சு உங்களுக்குக் கேக்கும். அதுக்குப் பின்னால இன்னொண்ணு கேக்கணும். சின்னதா, கொர் கொர்னு. அவனுக்குச் சளி புடிச்சிருக்கு. கண்ண மூடி நல்லாக் கேளுங்க. அவசரமில்ல.

கேக்குதா?

தலைய ஆட்டுங்கண்ணே.

ம். சரி. அப்ப தூங்குறான். அது நிக்கிற மாதிரி இருந்தா என் கையப் புடிச்சு அமுக்குங்க. அதுவரைக்கும் எனக்குப் பேச விஷயம் இருக்கு.

அத்தே, அந்தப் பக்கத்து வீட்டுக்காரி இன்னைக்கும் நம்ம கொடியிலதான் துணியக் காயப் போட்டிருக்கா. நான் சும்மா விடப் போறதில்ல, இப்பவே சொல்லிட்டேன்.