வெண்ணெய்க் கத்தியும் காணாமற்போன பெட்டியும்

மேடையில் வீற்றிருக்கும் பாஸ்டர் கார்லா அவர்களே, தொழிற்சங்கத் தலைவர் ரஸ் வோய்டா அவர்களே, முதல் வரிசையில் அமர்ந்திருக்கும் ஆர்டிஸ் அம்மா அவர்களே, ஷிப்ட் முடிந்து கைப்பிசுக்கோடு நேரே இங்கு வந்திருக்கும் என் தோழர்களே! உங்கள் அனைவருக்கும் வணக்கம்.

நம் ஃபோர்மேன் வெர்லின் ஹாகெமான் போய்விட்டார். நாற்பத்தோரு ஆண்டுகள் மானிடோவாக் ஆலையில் நம் அலுமினிய வார்ப்புப் பிரிவை நடத்தியவர் போய்விட்டார். இந்த உரையை எழுத உட்கார்ந்தபோது அழுகை வரும் என்று நினைத்தேன். நிம்மதிதான் வந்தது. அதற்காகக் கொஞ்சம் வெட்கப்பட்டேன். பிறகு, இந்த நிம்மதியே அவர் தந்துவிட்டுப் போனதுதானே என்று தோன்றியது. அதைப் பற்றியே பேசுகிறேன்.

உறவினர்களுக்காக ஒரு வார்த்தை. நாங்கள் அலுமினிய உருளையை முழுதாக உருக்குவதில்லை. பாதி உருகியும் பாதி கெட்டியாகவும் இருக்கும் பக்குவத்துக்குச் சூடேற்றுகிறோம். அப்போது உருளை தானாக நிற்கும்; கத்தி வைத்தால் வெண்ணெயாக அறுபடும். அந்தப் பக்குவத்தில் அச்சுக்குள் அழுத்தினால் காற்றுக்குமிழி இல்லாமல் நிரம்பும். பள்ளி வேன்களின் முன்சக்கரத்தைத் தாங்கும் ‘கை’ என்ற பாகம் அப்படித்தான் உருவாகிறது. நடுப்பகுதி இளகாமல் நின்றுவிட்டால், அந்தக் கை வெளியே பளபளக்கும். உள்ளே பலவீனமாக இருக்கும்.

அதனால்தான் ஒவ்வொரு ஷிப்டிலும் முதல் உருளையை வெர்லின் கத்தியால் அறுத்துப் பார்ப்பார். எந்தக் கத்தி தெரியுமா? வெண்ணெய் தடவும் கத்தி! நேற்று அதை அவர் மனைவி ஆர்டிஸ் அம்மாவிடம் கொடுத்தேன். அவர் என்ன சொன்னார் தெரியுமா?

“கல்யாணத்துக்கு வந்த எட்டுக் கத்தியில ஒண்ணக் காணோம்னு முப்பது வருஷமாத் தேடுறேன். திருட்டு மனுசன்! கூடச் சேர்ந்து அவரும்ல தேடினாரு!”

அந்த வழக்கத்தை நிறுத்தியவள் யார்? பிரிவின் பொறியாளரான நான்தான். புதிய வெப்பமானி வாங்கினேன். தினமும் மூன்று உருளை வீணாகிறது என்று அவரிடம் வாதாடினேன்.

“ஏம்மா டானா, உன் மெஷின் தோலைத் தொட்டுப் பாக்குது. நான் வயித்துக்குள்ள விட்டுப் பாக்குறேன். எது சரி?”

“மெஷினுக்குக் கை நடுங்காது, ஃபோர்மேன்.”

“அதுக்குப் பயமும் கிடையாதும்மா.”

நான் நிறுத்தினேன். அவர் நிறுத்தவில்லை. நான் வருவதற்குப் பத்து நிமிடம் முன்பே வந்து அறுத்துவிட்டு, துண்டுகளைக் கழிவுத் தொட்டியில் போட்டுவிடுவார். எனக்குத் தெரியாது என்று நினைத்திருந்தார். எனக்குத் தெரியும். தெரிந்தும், என் பிடிவாதத்தை விட எனக்கு மனம் வரவில்லை.

நவம்பரில், மான் வேட்டை தொடங்கும் வாரம், நோய் கண்டு, முதல் சிகிச்சைக்காக அவர் கிரீன் பே நகர மருத்துவமனைக்குப் போனார். அதே வாரம் சூடேற்றும் நேரத்தை நான் குறைத்தேன். அறுத்துப் பார்க்க ஆளில்லை. திங்கட்கிழமை அவர் திரும்பி வந்து முதல் உருளையில் கத்தியை வைத்தார். பாதியில் நின்றுவிட்டது. அவர் கத்தவில்லை. என்னைக் கூப்பிட்டு, என் கையிலேயே கத்தியைக் கொடுத்தார்.

“நீயே அழுத்திப் பாரும்மா. நிக்குதுல்ல?”

நின்றது. நண்பர்களே, அந்த இடத்தில் என் உயிரும் நின்றது! அந்த வாரம் செய்த கைகளெல்லாம் லாரி ஏறிவிட்டன. எல்லாவற்றையும் திரும்ப வரவழைத்தோம். ஒரு பெட்டி மட்டும் வரவில்லை. இருபத்து நான்கு கைகள். அனுப்பியதாக நம் பட்டியல் சொன்னது. வந்து சேரவில்லை என்று வேன் கம்பெனி சொன்னது. சாலையில் மஞ்சள் வேனைப் பார்க்கும்போதெல்லாம் காரை ஓரம் கட்டி நின்ற நாட்கள் எத்தனை!

வெர்லின் படுக்கையில் விழுந்தார். படுத்துக்கொண்டே ஒரு தாளில் புது முறையை எழுதினார்: முதலில் வேகமாகச் சூடேற்று, பிறகு அடுப்பைத் தணித்துக் காத்திரு, சூடு நடுவரை தானே நடந்து போகட்டும். செய்து பார்த்தோம். கத்தி தடையில்லாமல் இறங்கியது. அதைச் சொன்னால் சந்தோஷப்பட்டாரா? “பெட்டி கிடைச்சுதா?” என்றுதான் கேட்டார். நான் பார்க்கப் போகும்போதெல்லாம் அதே கேள்வி.

போன செவ்வாய்க்கிழமை, ஓய்வறையில் ரஸ் சீட்டாடிக்கொண்டிருந்தார். காப்பி கொட்டியது. மேசைத் துணியை உருவினார்கள். அடியிலிருந்த பலகையைத் தூக்கினார்கள். ரஸ் கத்தினார்:

“டானா, ஓடியா! நாம தேடுற பெட்டி மேலதான் மூணு மாசமாச் சீட்டாடிட்டிருக்கோம்!”

நவம்பரில் மான் வேட்டைக்குக் கிளம்பும் அவசரத்தில், சரக்கு ஏற்றியவர்கள் லாரியில் இடமில்லாத கடைசிப் பெட்டியை இறக்கி வைத்துவிட்டு, பட்டியல் முழுவதற்கும் டிக் அடித்துவிட்டார்கள். சீட்டாட மேசையில்லாமல் தவித்தவர்கள் அதன்மேல் பலகை போட்டுத் துணி விரித்துவிட்டார்கள். நானும்தான் அதன்மேல் வைத்துச் சாப்பிட்டிருக்கிறேன்!

அவரிடம் ஓடினேன்.

“இருபத்து நாலும் இருக்கா?”

“இருக்கு, ஃபோர்மேன்.”

“ஒரு தரம் எண்ணினியா?”

“மூணு தரம்.”

கண்ணை மூடிக்கொண்டார். தூங்கிவிட்டார் என்று எழுந்தேன். “அந்த மேசையில ரஸ் ஒரு தடவையாச்சும் ஜெயிச்சானா?” என்றார். இல்லை என்றேன். இருமல் வரும்வரை சிரித்தார். வெள்ளிக்கிழமை போய்விட்டார். அந்த மூன்று நாட்களில் ஒரு முறைகூட அவர் பெட்டியைப் பற்றிக் கேட்கவில்லை என்று ஆர்டிஸ் அம்மா சொல்கிறார்.

எங்கோ ஒரு வேனின் சக்கரம் கழன்றிருக்கலாம். கழலவில்லை. ஒரு குழந்தைக்கும் ஒன்றும் ஆகவில்லை. யாரால்? பத்து நிமிடம் முன்னதாக வந்த ஒரு மனிதரால்!

சற்று முன், வாசலில் ஆர்டிஸ் அம்மா அந்தக் கத்தியை மறுபடி என் கையில் திணித்தார். “வச்சுக்கோ. எனக்கு ஏழு போதும்” என்றார்.

வெர்லின் ஹாகெமான் அவர்களே! உங்கள் அறுப்புச் சோதனை இனி ஒளிந்து செய்யும் வேலையில்லை. எங்கள் செயல்முறை ஏட்டின் முதல் வரி. நாளைக் காலை ஆறு மணிக்கு, எல்லோரும் பார்க்க, முதல் உருளையை நான் அறுப்பேன். என் கை நடுங்கும். நடுங்கட்டும். கத்தி நடுவில் நின்றால், அன்று நம் வாசலிலிருந்து ஒரு லாரியும் கிளம்பாது.