மூன்று வேண்டுதலுக்கு ஒரே தலை

நாகூரில் பேருந்து ஏறி என் முன்சீட்டில் உட்கார்ந்தவர், சந்தனம் காயாத மொட்டையைத் தடவியபடி மனைவியிடம் சொன்னார்: "தர்காவுலயே முழுசா எடுத்திருக்கக் கூடாதுடி."

"பொண்ணுக்கு சுகப்பிரசவம் ஆவணும்னு மூணு எடத்துக்கு மொட்டை வேண்டுனது யாரு? அத முடிச்சுட்டுத்தான் பேரன் மொகத்தப் பாப்பேன்னு சபதம் வேற!"

"ஆஸ்பத்திரியிலேருந்து போன் வந்த பயத்துல, தலை ஒண்ணுதான்ங்கறது மறந்துபோச்சு. வேளாங்கண்ணிக்கு மீசையக் குடுத்துடறேன்."

நேர்ந்துகொள்ளக்கூட முடியில்லாத வழுக்கையன் நான், சிரிப்பை அடக்கிக்கொண்டேன்.

"வைத்தீஸ்வரன்கோயிலுக்கு?"

"உனக்குத்தான் இவ்வளவு நீளமா இருக்கே..."

அந்த அம்மா கொண்டையை இறுக்கி முடிந்துகொண்டார்.

"வேண்டுனது நீங்க. முடி மொளைக்கிற வரைக்கும் கோயில் வாசல்லயே உக்காருங்க. பேரன நான் போய்ப் பாத்துக்கறேன்."