எர்ரர் வரவேண்டிய கட்டம்

எக்செல் ஷீட்டில் எர்ரர் வந்தால் யாருக்கும் பிடிப்பதில்லை. எனக்கும்தான்.

குற்றாலத்துக்கு மேலே ஓர் எஸ்டேட் விடுதியில் பன்னிரண்டு வருடமாக மேலாளர் நான். வளாகத்துக்குள்ளேயே சின்ன அருவி உண்டு. உச்சியில் எவ்வளவு மழை என்று கேட்டு, ஆட்களைக் குளிக்க விடலாமா என்று முன்பு நான்தான் சொல்வேன். கடையநல்லூர் சமீர் வேலைக்கு வந்தபின், எக்செல் ஷீட்டில் அவன் எழுதிய ஃபங்ஷன், அதாவது கணக்குச் சூத்திரம், சொன்னது. உச்சிக் காவலாளி மழை அளவைப் போனில் பதிவார். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஷீட் மறுபடி கணக்குப் போடும். கட்டம் பச்சை என்றால் குளிக்கலாம், சிவப்பு என்றால் கூடாது.

அருவிக்கதவைப் பார்த்துக்கொள்ளும் இசக்கிப்பாண்டி என்னைத் தாண்டிப் போய்த் திரையைப் பார்ப்பான். “சமீர் என்ன சொல்லுதான்?” என்பான்.

சமீர் கல்யாண விடுப்பில் போனான். சாரல் வலுத்தது. கட்டத்தில் அடிக்கடி எர்ரர்.

“எர்ரர்னா இசக்கி கதவைப் பூட்டிருதான். வந்தவன்லாம் திரும்பிப் போறான். சரி பண்ணும்வே மணிமுத்து,” என்றார் முதலாளி.

சமீரை அழைத்தேன்.

“அது தப்பு இல்ல அண்ணாச்சி. மேல பெருமழைன்னா டவர் போயிரும், அளவு வராது. அப்ப எர்ரர்தான் வரணும். கை வச்சிராதீய.”

எனக்கு நன்றாகப் புரிந்தது. ஃபங்ஷனில் ஒரு வரி சேர்த்தேன். புது அளவு வராவிட்டால் கடைசியாக வந்த அளவையே எடுத்துக்கொள்ளும். எர்ரர் நின்றது. “சமீர் சீட்டு இப்ப சூப்பரா ஓடுது,” என்றான் இசக்கி.

சனிக்கிழமை சமீர் தன் மனைவி ஜுஹைனாவோடு வந்தான். உச்சி கறுத்திருந்தது. கடைசி அளவு வந்து இரண்டு மணி நேரம் ஆகியிருந்தது. கட்டம் பச்சை.

“மேலருந்து அளவு வந்துட்டா அண்ணாச்சி?”

“உன் ஷீட்டு. உனக்கே சந்தேகமா?”

ஜுஹைனா சிரித்தாள். “வீட்லயும் இதைத்தான் பீத்திக்கிட்டு இருக்காவ அண்ணாச்சி.”

அவன் அவள் கையைப் பிடித்து இறங்கினான். நான் ஜன்னலில் நின்றேன். வெள்ளம் வந்தபோது அவன் பாறையைப் பிடித்துக்கொண்டான். அவளை மறுநாள் எடுத்தார்கள்.

சேர்த்த வரியை அன்றைக்கே அழித்துவிட்டேன். எப்படிப் பச்சை வந்தது என்று சமீர் நாலு நாளாகத் தேடுகிறான். நானும் பக்கத்தில் உட்கார்ந்து தேடிக்கொடுத்தேன்.

என் வாக்குமூலத்தில் காரணம் என்ற இடத்தில் பொறாமை என்று எழுதுகிறீர்கள், இன்ஸ்பெக்டர் ஐயா. அவனிடம் பொறாமைப்பட இப்போது என்ன இருக்கிறது?