எமில்டா மிதித்த பியானோ

எங்கள் தெருவில் மாலை ஐந்து மணிக்கு மேல் கடற்காற்று நன்றாக வரும். அதனால் முன்னறை ஜன்னலை நாங்கள் சாத்துவதில்லை. என் மனைவி எமில்டாவின் பியானோ அந்த ஜன்னலோரம்தான் இருந்தது, அவள் அப்பா வழியில் வந்தது.

அது தானாக வாசிக்கும் பியானோ. நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள், சொல்கிறேன். நடுவில் ஒரு காகிதச் சுருள் ஓடும். பாட்டு முழுவதும் அதில் துளைகளாக இருக்கும். கீழே இரண்டு மிதிகள். மிதிக்க மிதிக்க உள்ளே இருக்கும் துருத்தி காற்றை உறிஞ்சும். காகிதத்தில் துளை வரும் இடத்தில் காற்று உள்ளே பாயும், அதற்குரிய கட்டை தானாக இறங்கும். வாசிக்கத் தெரிய வேண்டாம், மிதிக்கத் தெரிந்தால் போதும். துருத்தித் துணியில் கசிவு இருந்தால் மட்டும் பாட்டு இழுக்கும். இரண்டு மடங்கு மிதிக்க வேண்டும். திரேஸ்புரம் ஐஸ் பிளாண்டில் முப்பது வருடம் கசிவு பார்த்தவன் நான். எனக்கு இது சுலபமாகப் புரிந்தது.

ஜாய்சன் என்பவர் எதிரே கரண்ட் கம்பத்தடியில் நிற்க ஆரம்பித்தது ஜனவரியில். தினமும் ஐந்தரைக்கு நிற்பார். ஒருநாள் என்னிடமே கேட்டார்.

"அண்ணாச்சி, ஒங்க வீட்ல யாரு வாசிக்கா? நல்லாருக்கு."

"யாரும் வாசிக்கல. மிஷின் வாசிக்கி" என்றேன்.

அவர் சிரித்தார். மிஷினைப் பற்றிச் சொன்னதற்கு யாரும் அப்படிச் சிரிப்பதில்லை.

அதன்பிறகு கவனித்தேன். எமில்டா ஐந்து மணிக்கு முகம் கழுவித் தலை வாரினாள். முன்பும் வாரினாளா என்று தெரியாது. முன்பு நான் பார்த்ததில்லை. ஒரு வெள்ளிக்கிழமை ஒரே சுருளை இரண்டு தடவை போட்டாள். அவளிடமே கேட்டிருக்கலாமே என்பீர்கள். கேட்டால் நான் சந்தேகப்படுகிறேன் என்று நினைத்திருப்பாள்.

அவளுக்கு இதயம் பலவீனம், மாடிப்படி ஏறக் கூடாது. பியானோ மிதிக்கலாமா என்று டாக்டரிடம் நான்தான் கேட்டேன். லேசாக மிதிக்கலாம், மூச்சு வாங்கினால் உடனே நிறுத்திவிட வேண்டும் என்றார். முதல் பாதியை மட்டும் அவளிடம் சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமை அவள் பூசைக்குப் போனதும் கீழ்ப்பலகையைக் கழற்றுவேன். போர்வை தைக்கும் ஊசியால் துருத்தித் துணியில் வாரம் நான்கு துளை. அதற்கு மேல் போட்டதில்லை.

"ஏங்க, பழையபடி ஓட மாட்டேங்கு. நெஞ்சு அடைக்கி" என்றாள் பங்குனியில்.

"பழைய சாமான்லா. நல்லா அழுத்தி மிதி."

மிதித்தாள். அவ்வளவு மூச்சு வாங்கியும் விடவில்லை. யாருக்காக என்று நீங்களே யோசியுங்கள். "முடியலன்னா விட்டுரு" என்றுகூட ஒருநாள் சொல்லிப் பார்த்தேன். "ஒங்களுக்குப் பிடிக்கும்லா, அதான் போடுதேன்" என்றாள். பொய் என்று அப்போதே தெரிந்தது.

மாதா கோவில் கொடியேற்றத்துக்கு முந்தின நாள், இருப்பதிலேயே நீளமான சுருளைப் போடப்போவதாகச் சொன்னாள். அன்று மட்டும் பன்னிரண்டு துளை. பாட்டு பாதியில் இழுத்தது, ஒரு சுரத்திலேயே நின்று முனகியது, அடங்கியது. அடுக்களையில் டீ வடித்துக்கொண்டிருந்தேன். இரண்டு டம்ளரிலும் ஊற்றிவிட்டுத்தான் போனேன்.

முப்பதாம் நாள் பூசைக்கு அவள் தங்கை பிலோமினா வந்தாள். அக்கா ஞாபகமாக உட்கார்ந்து மிதித்தாள். சத்தமே வரவில்லை. பலகையை நகர்த்தி போன் வெளிச்சத்தை உள்ளே காட்டினாள்.

"பூச்சி அரிச்சிருக்கு" என்றேன்.

"பூச்சி வரிசை பிடிச்சா அரிக்கும், அத்தான்?"

வரிசையாகப் போட்டது என் தவறு. வேலைப் பழக்கம். மறுநாள் நீங்கள் வந்தீர்கள்.

எழுதிக்கொள்ளுங்கள். எமில்டாவைக் கொன்றது நான்தான். அதில் மறைக்க ஒன்றுமில்லை. ஆனால் ஜாய்சன் கம்பெனி பஸ்ஸுக்காகத்தான் அங்கே நின்றார், எமில்டாவின் முகம்கூட அவருக்குத் தெரியாது என்கிறீர்களே, அதைத்தான் ஏற்க முடியவில்லை. டிரைவரை விசாரித்தது நீங்கள்தான். பஸ் வருவது ஐந்து நாற்பதுக்கு. இவர் ஐந்தரைக்கே வந்துவிடுகிறார். அந்தப் பத்து நிமிடத்துக்கு இன்னும் யாரும் எனக்குப் பதில் சொல்லவில்லை.