அடுகோடி ஷெட்டில் ஒரு பச்சை ஜீப்

“…வண்டியைப் பார்த்ததும் பல்லைக் காட்டாதீங்க, அவன் விலையை ஏத்திடுவான். டயரை ஒரு உதை உதைச்சு உச்சுக் கொட்டுங்க. அப்புறம் ‘ஸ்வல்ப கம்மி மாடி’ன்னு கன்னடத்துல நான் பேரத்தை ஆரம்பிக்கறேன்.”

பஸ்ஸில் என் முன் சீட்டில் கணவனும் மனைவியும்.

“மிலிட்டரி ஏலத்துல எடுத்த பழைய ஜீப்பும்மா! இப்ப புது டீசல் இன்ஜின், பவர் ஸ்டீரிங். நாலு சக்கரமும் இழுக்கும். சிரிப்பு தானா வருதே!”

“வந்தா முழுங்குங்க. சாவு வீட்டுக்குப் போற மூஞ்சி வெச்சுக்கோங்க.”

அடுகோடி சிக்னலில் பஸ் நின்றது. ஷெட் வாசலில், ‘ஃபார் சேல்’ அட்டையோடு ஒரு பச்சை ஜீப் பளபளத்தது. பக்கத்திலேயே அதன் ஓனர்.

“அய்யோ, இதுவா!” என்று அந்தம்மா இறங்கி ஓடினார்.

“மூஞ்சி! உன் மூஞ்சி!” என்று பின்னால் கணவர் கத்தினார்.

ஓனர் பார்க்கப் பார்க்க ஏறி உட்கார்ந்து, நீளமாக ஒரு ஹாரன் அடித்தார் அந்தம்மா.