கை கோத்துக் கடக்கும் இடம்

விடியற்காலை ஐந்து மணி. நம் ஊர் மதீனா நெடுஞ்சாலை. பாலைவனத்திலிருந்து அடிக்கிற ஹர்மட்டான் காற்றில் தூசி மண்டிக் கிடக்கிறது... பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியாது.

யாவ், அந்த மீனைச் சீக்கிரம் தின்று முடி. இல்லை கீழே வை. இந்தக் கதையைக் கேட்டுக்கொண்டே தின்ன முடியாது, இப்போதே சொல்லிவிட்டேன்.

"நீங்க சொல்லுங்க டெட்டே அண்ணே. வண்டிப் படியில தொங்கி டிக்கெட் போட்டுக்கிட்டே சாப்புடுற வயிறு இது. ஒண்ணும் ஆகாது."

சரி, உன் இஷ்டம். கரண்ட் இன்றைக்கு ராத்திரி வருகிற மாதிரி தெரியவில்லை. எல்லாரும் இப்படி வண்டி ஓரமாக நெருங்கி உட்காருங்கள்.

என் நண்பன் செலோம் இருக்கிறானே, அவன் கொழுந்தியாள் எசினாமுக்கு நடந்தது இது. பேருந்து நிலையத்துக்கு எதிரே சின்னக் கடை வைத்துப் பெண்களுக்கு நகத்தில் சாயம் பூசி, கல் ஒட்டிவிடுவாள். மகா சுத்தக்காரி. ஒருத்தியின் விரலைத் தொடுமுன் ஸ்பிரிட் போட்டுத் துடைப்பாள், தொட்ட பின்னும் துடைப்பாள். யாய்ரா என்று ஒரே மகள், ஆறு வயது. அதன் கையைக் கழுவிக் கழுவியே தேய்த்துவிடுவாள் என்று செலோம் கிண்டல் செய்வான்.

பள்ளி வண்டி நிற்பது சாலைக்கு அந்தப் பக்கம். தலைக்கு மேலே நடைபாலம் இருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. படியில் கால் வைத்தாலே மூத்திர வாடை குப்பென்று மூக்கில் ஏறும். மூலைக்கு மூலை நரகல். கைப்பிடி முழுக்கச் சளி. யார் செய்த வேலை? நாம்தான்! ஏறி நடக்கக் கட்டிய பாலத்தைக் கக்கூஸ் ஆக்கிவிட்டு, கீழே வண்டிக்கு நடுவில் ஓடிச் சாகிறோம். தூ... நினைத்தாலே குமட்டுகிறது.

செலோம் அவளிடம் சொல்லாத நாளில்லை. "எசினாம், புள்ளைய வச்சிக்கிட்டு வெளையாடாத. பாலத்து மேல போ."

"போங்கத்தான். அந்த அசிங்கத்த மிதிச்சிட்டு வந்து நான் எவ கையத் தொடுறது? கீழயே போய்க்கிறேன். வேணும்னா நீங்க பாலத்தக் கூட்டிக் கழுவிவிடுங்க, நான் மேல போறேன்."

கீழே எப்படிக் கடப்போம் என்று உங்களுக்குத் தெரியும். நாலு பேர் சேரும்வரை நிற்போம். பக்கத்தில் நிற்கிற கையைப் பிடிப்போம். யாரென்று கேட்பதில்லை, முகத்தைப் பார்ப்பதில்லை... கண் முழுக்க வண்டியின் மேல்தானே. யாராவது "இப்போ!" என்றால் வரிசையாக ஓட்டம். அந்தப் பக்கம் போனதும் கையை உதறிவிட்டு அவரவர் வழி.

நான் சொன்ன அந்த விடியற்காலைக்கு முந்தின வாரம் அந்த இடத்தில் அஜெலே என்று ஒருத்தி அடிபட்டாள். தலையில் ரொட்டி சுமந்து விற்பவள். அடித்த வண்டி நிற்கவில்லை. பின்னால் வந்தவையும் நிற்கவில்லை... ஏறி ஏறிப் போயின. யாரோ ஒரு பழைய துணியைப் போட்டார்கள். அதன் மேலும் ஏறின. ஒரு கும்பல் போனைத் தூக்கிப் படம் எடுத்தது. ஒருத்தன், ஐயோ, சிதறிக் கிடந்த ரொட்டியைப் பொறுக்கி, சட்டையில் துடைத்து, வாயில் போட்டுக்கொண்டான்.

அந்த வழியாக எசினாம் வந்தாள். துணிக்கு வெளியே ஒரு கை மட்டும் கிடந்தது. ஊதா நகங்கள். மோதிர விரலில் ஒரு வெள்ளைக் கல். எசினாமே தன் கடையில் ஒட்டிய கல்தான் அது. செத்தது யாரென்று அந்தக் கூட்டத்திலேயே அவளுக்கு மட்டும்தான் தெரியும்... பெயரைச் சொல்லவில்லை. மூக்கைப் பொத்திக்கொண்டு, பிள்ளையின் கண்ணை மறைத்துக்கொண்டு போய்விட்டாள். வீட்டுக்குப் போய்க் குளித்தாளாம். அஜெலேயின் ஆட்கள் மூன்று நாள் தேடி அலைந்தார்கள்.

இப்போது அந்த விடியற்காலைக்கு வருகிறேன்.

சாலை ஓரத்தில் வேறு ஆள் இல்லை. இடது கையில் யாய்ரா. வலது கை சும்மா தொங்குகிறது. தூசிக்குள் சர்... சர்... என்று வண்டிகள். அப்போது வலது கையை ஒரு கை வந்து பிடித்தது.

சில்லென்று, சொதசொதவென்று. கூடவே ஒரு வாடை... நாலு நாள் வெயிலில் கிடந்த மீன் குடல் மாதிரி. எசினாமுக்கு உடம்பெல்லாம் கூசியது. கண்ணைச் சாலையிலிருந்து எடுக்காமலே கத்தினாள்.

"யாரும்மா அது, மீன் வெட்டுன கையோடயா வர்றது? கழுவ மாட்டியா? குடலப் புடுங்குது!"

பிடி மட்டும் இறுகியது. இழுத்தது. ஓடினார்கள்... முதல் தடம்... இரண்டாவது தடம்... அங்கே அவள் கைக் கட்டை விரலில் ஏதோ நெருடியது.

ஒரு சின்னக் கல். மோதிர விரல் நகத்தில்.

அலறிக்கொண்டு கையை உருவினாள். கை வந்துவிட்டது... ஆனால் அவித்த கிழங்கின் தோல் மாதிரி ஏதோ வழுக்கென்று உரிந்து அவள் உள்ளங்கையிலேயே தங்கிவிட்டது. அப்படியே நடுச்சாலையில் நின்றுவிட்டாள். அவள் மூக்குக்கு முன்னால், விளக்கில்லாத ஒரு லாரி, ஹோ... என்று போனது.

அந்தக் கை காப்பாற்றியதா, லாரிக்கு அடியில் இழுத்துப் போகப் பார்த்ததா? என்னைக் கேட்காதே யாவ். செலோமுக்கும் தெரியாது.

எப்படியோ அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்தாள். பிள்ளை பத்திரமாக இருந்தது. உள்ளங்கையை மண்ணில் தேய்க்கிறாள், பாவாடையில் தேய்க்கிறாள், வாந்தி எடுக்கிறாள். யாய்ரா நின்று பார்த்துக்கொண்டே கேட்டதாம்:

"அம்மா, மத்தவங்க எங்க?"

"யாருடி மத்தவங்க?"

"எனக்கு இந்தப் பக்கம் நின்னாங்களே... வரிசையா. நெறைய பேரு. செருப்பு இல்லாம ஒரு பாப்பாகூட இருந்துச்சு. எல்லாருக்கும் கை சில்லுனு இருந்துச்சும்மா."

...யாவ், மீனை ஏன் கீழே வைத்துவிட்டாய்?

"போதும்ணே. விடுங்க."

கொஞ்சம்தான் பாக்கி. எசினாம் எலுமிச்சை தேய்த்தாள், ஸ்பிரிட்டை ஊற்றினாள். வாடை போகவில்லை. கடைக்கு வந்த பெண்கள் முகத்தைச் சுளித்துக்கொண்டு எழுந்து போனார்கள். கடையை மூடிவிட்டாள். இப்போது தினமும் பாலத்தின் மேல்தான் போகிறாள், அந்த நரகலை மிதித்துக்கொண்டு. அங்கே மட்டும்தான் அவள் கையை யாரும் முகர்ந்து பார்ப்பதில்லை.

போன வாரம் செலோம் பாலத்தில் அவர்களைப் பார்த்தான். பிள்ளையின் ஒரு கை அம்மாவிடம். இன்னொரு கை பக்கவாட்டில் நீண்டபடி, விரல்களை மூடிக்கொண்டு வருகிறது. அந்தப் பக்கம் யாரும் இல்லை. இவனுக்கு என்னவோ போல் ஆகி, அந்தக் கையைப் பிடிக்கப் போனான்.

"யாய்ரா, பெரியப்பாவுக்குக் கை குடு."

பிள்ளை தன் மூடிய கையைப் பார்த்தது. பிறகு அந்த விரல்களைத் திறக்காமலே, அம்மாவின் கையை விட்டுவிட்டு, அவளிடமிருந்த கையைக் கொடுத்தது.