இரண்டு சதவீதத்துக்குக் கீழே

அடர்ந்த புகையைக் கணினியில் வரைவது எளிது. கண்ணிலிருந்து கிளம்பும் கதிர் கரும்புகைக்குள் நாலு அடி வைத்ததும் நின்றுவிடும். அதற்குப் பின்னால் இருப்பதைக் கணக்கிட வேண்டியதில்லை. மெல்லிய புகைதான் உயிரை வாங்கும். கதிர் கடைசிவரை நின்று நின்று பார்த்துக்கொண்டே போக வேண்டும்.

கனடாவின் ஹாமில்டனில் நாங்கள் செய்தது தீயணைப்பு வீரர்களுக்கான பயிற்சி. தலையில் திரையை மாட்டிக்கொண்டு எரியும் வீட்டுக்குள் நடப்பார்கள். நொடிக்குத் தொண்ணூறு படம் ஓட வேண்டும். நான் எழுதிய புகை நாற்பதில் திக்கியது. மேலாளர் பிரென்ட் எல்லோர் காதிலும் விழும்படி சொன்னார்:

"உங்க வீட்டுலயே நீதான் முதல் டிகிரியாமே? வெள்ளிக்கிழமைக்குள்ள ஓடலைன்னா, அப்பாவோட இரும்பாலையில இடம் இருக்கான்னு கேட்டு வச்சுக்கோ."

சிரித்தார்கள். அவர்களில் யாருடைய அப்பாவும் இரும்பாலையில் இல்லை.

ஒரு வரி எழுதினேன்: அடர்த்தி இரண்டு சதவீதத்துக்குக் கீழே இருந்தால், அங்கே புகையே இல்லை என்று கொள். தொண்ணூற்றிரண்டு ஓடியது. பிரென்ட் டோனட் வாங்கி வந்தார்.

சோதித்துப் பார்க்க வந்தவர் பயிற்சியாளர் லார்ன் பிக்கெட், முப்பது வருடம் நெருப்போடு இருந்த கேப்டன். மூடிய கதவின் இடுக்கில் மெல்லிய புகை வெளியே வந்து வந்து உள்ளே இழுபட்டால், உள்ளே நெருப்பு காற்றுக்காகக் காத்திருக்கிறது என்று பொருள். திறந்தால் வெடிக்கும். பயிற்சியில் அப்படி ஒரு கதவை வைக்கச் சொல்லி அவரே கேட்டிருந்தார்.

"கதவு மூச்சு விடணுமே, அது எங்கேம்மா?"

"இருக்கு கேப்டன். உங்க கண்ணுக்குத்தான் எட்டல."

மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியில் துடைத்து, மறுபடி மாட்டிப் பார்த்தார். தனக்கு வயதாகிவிட்டது என்று சிரித்தபடி ஒப்புதல் கையெழுத்துப் போட்டார்.

பிப்ரவரியில் அவருடைய மாணவி டெஸ் லவோய் நிஜமான ஒரு கதவைத் திறந்தாள். வயது இருபத்து மூன்று. இடுக்கில் புகை மூச்சு விட்டதைப் பின்னால் நின்றவன் பார்த்திருக்கிறான். அவளும் பார்த்திருப்பாள். ஆனால் பயிற்சிக் கதவு அடையாளமே இல்லாமல் வெடித்தால் கேள்வி வரும் என்று, கேப்டன் கையெழுத்துப் போட்ட மறுநாளே வெடிப்பையும் நான் எடுத்துவிட்டிருந்தேன். எங்கள் கதவை அவள் பதினாறு முறை திறந்திருந்தாள். ஒருமுறைகூட ஒன்றும் ஆனதில்லை.

விசாரணையில் லார்ன் எழுந்து நின்றார். "பயிற்சிக் கதவுல புகை இருந்துச்சு. எனக்குத்தான் தெரியல. தெரியாமலே கையெழுத்துப் போட்டேன். அந்தப் பொண்ணு செத்தது என்னாலதான்."

நான் இரண்டு நாற்காலி தள்ளி உட்கார்ந்திருந்தேன். அத்தனை பேர் முன்னால் ஒரு பெரியவரின் பேச்சைப் பொய்யாக்குவது மரியாதையில்லை.